ட்வைலாவின் கால் அங்குலத் துப்பாக்கி

உறை மெல்லியதாக இருந்தால் வேட்டை அனுமதிக் குலுக்கலில் சீட்டு விழவில்லை. கட்டிய பணத்தை வேட்டைத் துறை திருப்பி அனுப்பியிருக்கிறது. தடித்திருந்தால் விழுந்துவிட்டது. ட்வைலா ஸ்ட்ரோவுக்குப் பதினெட்டு வருடமாக மெல்லிய உறைதான். அதனால் 1994 ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மெடிசின் போ தபால் நிலையத்தின் பின்னறையில் அன்றைய கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவள், தன் பெயருக்கே வந்திருந்த உறையைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினாள்.

"என்னடி, ரொட்டி மாவு பிசையற மாதிரி பிசையற?" என்றாள் கவுன்டரில் இருந்த ரூத்தான். அந்த ஊருக்குத் தபால் அதிகாரி, காசாளர், வம்பு இலாகா எல்லாம் அவள்தான்.

"தடியா இருக்குடி."

"பிரிச்சுத் தொலையேன்."

பிரித்தாள். சாண்ட் க்ரீக் பகுதி, கவைக்கொம்பு மான், கிடா ஒன்று, செப்டம்பர் 20 முதல். அந்தப் பகுதிக்கு வருடத்துக்கு நாற்பதே சீட்டு. வயோமிங்கில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதற்கு எழுதிப் போடுவார்கள். ரூத்தான் கவுன்டரைச் சுற்றி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். பிடித்த வேகத்தில் ட்வைலா "ஆ!" என்று கத்தினாள்.

"ஐயோ, தோளு! மறந்தே போச்சு." ரூத்தான் கையை எடுத்துக்கொண்டாள். "ஆமா, அந்தத் தோளை வெச்சுக்கிட்டு எதால சுடப்போற?"

அதுதான் கேள்வி.

ட்வைலாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. கிராமப் பாதையில் கடிதம் கொண்டுபோகத் தொடங்கி முப்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. நாள் ஒன்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு மைல், எழுபத்தாறு பெட்டிகள். காரின் முன்சீட்டில் நட்டநடுவே உட்கார்ந்து, இடது காலால் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையை எதிர்ப்பக்க ஜன்னல் வழியே நீட்டிப் பெட்டியில் கடிதம் போட வேண்டும். முப்பத்தோரு வருடம் அப்படி நீட்டிய கையின் தசைநார், போன குளிர்காலத்தில் ஒரு விதைக் கம்பெனியின் கனத்த விலைப்பட்டியலைப் போடும்போது அறுந்தது. பிப்ரவரியில் லாரமியில் அறுவை சிகிச்சை. டாக்டர் சின்னப் பையன், அவனும் வேட்டைக்காரன்தான். "உங்க பழைய துப்பாக்கியை இனிமே தொடாதீங்க. அது உதைக்கிற உதையில நான் தெச்ச தையலெல்லாம் போயிடும். மெதுவா உதைக்கிறதா ஒண்ணு பாருங்க" என்று சொல்லியிருந்தான்.

அந்த வீட்டில் வேட்டைக்குப் போவது ட்வைலாதான். குளிர்பெட்டி நிறைவது அவளால்தான். கணவன் டெல்மர் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு மான் மேல் பெரிய ஈடுபாடு கிடையாது. அவனுக்குப் பிடித்தது தோட்டா. வண்டிக் கொட்டகையில் அவனுக்கென்று ஒரு மேஜை. பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திச் சீராக்குவான், வெடிமருந்தை மருந்துக்கடைத் தராசில் நிறுத்துக் கொட்டுவான், முனையில் ஈயக் குண்டைப் பதிப்பான். அவன் அடைத்த தோட்டா ஒன்றுகூட ட்வைலாவை ஏமாற்றியதில்லை. ஆகவே சீட்டு வந்த அன்று மாலை, உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே அவள் சொன்னதில் அப்போது தப்பு ஒன்றும் தெரியவில்லை.

"மெதுவா உதைக்கணும். செப்டம்பர் இருபதுக்குள்ள கைக்கு வரணும். மத்ததை நீயே பாத்துக்கோ."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக அந்தக் கோடை முழுக்க அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

குண்டு கால் அங்குலக் குறுக்களவில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் வாதமே இல்லை. லேசான குண்டு, லேசான உதை. வேகமாகப் போகும், மெடிசின் போவின் காற்றிலும் ஓரளவு நேராகப் போகும். கடையில் அந்த அளவுக்கு நாலைந்து வகைத் தோட்டா விற்கிறது. துப்பாக்கியும் விற்கிறது. பணத்தைக் கொடுத்தால் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள்.

"கடையில விக்கிறதை எவன் வேணா வாங்கலாம்" என்றான் டெல்மர்.

"அதுக்குத்தான் கடைன்னு பேரு."

"அது இல்ல ட்வைலா. நான் சொல்றது காட்டுப்பூனை."

எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எந்தக் கடையும் விற்காத தோட்டாவுக்கு அந்தப் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஏதோ ஒரு கம்பெனிக் கூட்டை எடுத்து, கழுத்தை இறுக்கியோ வயிற்றைப் பெருக்கியோ, கழுத்துக்குக் கீழே உள்ள தோளைச் செங்குத்தாக நிமிர்த்தியோ, இன்னும் ஒரு சிட்டிகை மருந்து கொள்ளும்படி ஆக்கிக்கொள்வார்கள். அதனால் வினாடிக்கு நூறு அடி, இருநூறு அடி வேகம் கூடும். அதற்கேற்றபடி துப்பாக்கியின் தோட்டா அறையையும் குடைய வேண்டும். இந்த இருநூறு அடிக்காகச் சொத்தை அழித்தவர்கள் அந்த மாவட்டத்தில் உண்டு.

டெல்மர் ட்வைலாவின் பழைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ராலின்ஸ் ஊருக்குப் போனான். அங்கே துப்பாக்கி செப்பனிடும் பெர்னி எச்செவெரியிடம் அதைக் கொடுத்து, பதிலாகப் புதுக் குழல் ஒன்றைப் பேசி முடித்தான். குழலைப் பொருத்தும் உடல் பகுதி ஒன்று பெர்னியிடமே இருந்தது. குழல் கால் அங்குலம். அறையை எந்தத் தோட்டாவுக்குக் குடைவது?

"ஒரு வாரத்துல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தான் டெல்மர்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. புத்தகங்கள், பழைய துப்பாக்கிப் பத்திரிகைகள், கட்டம் போட்ட தாளில் வரைந்த வளைகோடுகள். முதல் வாரம் ராணுவத் தோட்டாவின் கழுத்தை இறுக்கிச் செய்தது ஒன்று. இரண்டாம் வாரம் அதைவிடக் குட்டையானது, ஆனால் குண்டானது. ஜூலை நான்காம் தேதி ஊரே வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது டெல்மர் வாசலில் உட்கார்ந்து, அடியில் பட்டை போட்ட ஒரு பெரிய தோட்டாவைப் பற்றி ரூத்தானின் கணவனிடம் ஒன்றரை மணி நேரம் பேசினான். அந்த மனிதன் மரியாதைக்காகத் தலையாட்டி ஆட்டிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டான்.

"அந்தப் பெரிசு எவ்வளவு உதைக்கும்?" என்று கேட்டாள் ட்வைலா.

"கொஞ்சம் உதைக்கும். ஆனா வினாடிக்கு மூவாயிரத்து அறுநூறு அடி போகும்!"

"டெல்மர், எனக்கு எதுக்குப் புதுத் துப்பாக்கி?"

"சீட்டு விழுந்திருக்குல்ல."

"அதில்ல. பழசு இருந்துச்சே, அதை ஏன் விட்டோம்?"

யோசித்தான். "உதைக்கும்னு."

"அப்போ உதைக்கிற இன்னொண்ணை எதுக்குத் தேடற?"

பெரியது போயிற்று. ஆனால் அந்த இடத்துக்கு இரண்டு புதியவை வந்தன. ஒன்றுக்குக் கூடு கிடைக்காது. இன்னொன்றுக்குக் கூடு கிடைக்கும், ஆனால் அதை ஏழு கட்டமாக இறுக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்த பிறகும், "ஏழு கட்டம் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்று இருட்டில் ஒரு குரல் கேட்கும்.

மறுநாள் தபால் நிலையத்தில் இதைச் சொன்னபோது ரூத்தான், "என் புருஷன் குடிக்கிறான். இப்ப நெனச்சா அது எவ்வளவோ தேவலைடி" என்றாள்.

ஜூலை கடைசியில் பெர்னி போன் செய்தான். டெல்மர் வீட்டில் இல்லை, ட்வைலாதான் எடுத்தாள்.

"ட்வைலா, உங்க வீட்டுக்காரர் எனக்கு அஞ்சு போஸ்ட்கார்டு போட்டிருக்காரு. அஞ்சுலயும் வேற வேற தோட்டா. கடைசிக் கார்டுல 'முந்தின கார்டைக் கிழிச்சிடு'ன்னு எழுதியிருக்கு. எந்தக் கார்டைச் சொல்றாருன்னு தெரியல."

"அந்தக் கார்டெல்லாம் என் கையாலதான் பெர்னி போச்சு. முத்திரை குத்தினது நான்."

"நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. என் வரிசையில இன்னும் பதினாலு பேரு. ஆகஸ்ட் தாண்டினா இந்த வருஷம் ஆகாது."

மாற்று ஆள் கடிதப் பாதையில் ஓடச் சம்மதித்த சனிக்கிழமை ஒன்று வரட்டும் என்று காத்திருந்து, டெல்மரிடம் ராலின்ஸில் திரைத்துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். பெர்னியின் பட்டறை பழைய தகரக் கொட்டகை. சுவரில் சிரிக்கும் ஆட்டுக்கிடாவின் நாட்காட்டி, கடைசல் இயந்திரத்தில் அவளுடைய குழல். பெர்னி ஐந்து கார்டுகளையும் மேஜையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினான்.

"எடுங்க ஒண்ணை."

"எதுடா குறைவா உதைக்கும்?"

அவன் மூன்றாவது கார்டில் விரல் வைத்தான். "இது. ராபர்ட்ஸ்னு பழைய தோட்டா ஒண்ணு இருக்கு, கடையில கிடைக்கும். அதோட வயித்தைக் கொஞ்சம் பெருக்கினது. இதுல ஒரு சௌகரியம், கூட்டை இறுக்கற வேலையே இல்ல. கடையில விக்கிற ராபர்ட்ஸை அப்படியே இந்த அறையில போட்டுச் சுடுங்க. மருந்து வெடிக்கிற அழுத்தத்துல கூடு தானே ஊதிப் பெருத்து அறை அளவுக்கு வந்துடும். அந்தக் காலிக் கூட்டைத் திரும்ப அடைச்சுக்க வேண்டியதுதான்."

"அவனுக்கு வேகம் பத்துமா?"

"யாருக்கு? டெல்மருக்கா? அவருக்கு மின்னலே பத்தாதே."

"அதையே குடை."

"எழுத்துல வேணும். இல்லைன்னா அவரு ஆறாவது கார்டு போடுவாரு."

அவள் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திரைத்துணியும் வாங்கினாள், கேட்டால் காட்ட வேண்டுமே என்று.

விஷயம் தெரிந்ததும் டெல்மர் இரண்டு மணி நேரம் கொட்டகையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு தாங்க முடியாத சந்தோஷத்தோடு உள்ளே வந்தான். "நான் கடைசியில அதுக்குத்தான் வந்திருப்பேன் ட்வைலா! இன்னொரு விஷயம், அதுக்கான அச்சு நம்மகிட்டயே இருக்கு. எட்டு வருஷம் முன்னாடி காஸ்பர் சந்தையில வாங்கினேன். பெட்டி மேல 'பெருக்கிய ராபர்ட்ஸ்'னு எழுதியே இருக்கு!"

எட்டு வருடமாக எதற்கு ஒரு அச்சைத் துப்பாக்கியே இல்லாமல் வைத்திருந்தான் என்று அவள் கேட்கவில்லை. பதில் நீளமாக இருக்கும்.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி துப்பாக்கி வந்தது. பெர்னியின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் இரும்புச் சாமான் கடையில் ராபர்ட்ஸ் தோட்டா மூன்று பெட்டி தூசியேறிக் கிடந்தது. டெல்மர் இரண்டு வாங்கினான், நாற்பது தோட்டா. இருவரும் ஜல்லிப் பள்ளத்துக்குப் போனார்கள். நூறு கஜத்தில் அட்டை நட்டாயிற்று. ட்வைலா மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, வலது தோளில் மெதுவாகப் பதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள்.

தோளில் யாரோ நட்பாகத் தட்டினாற்போல இருந்தது. அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூடு! கூடு!" என்று கத்தினான் டெல்மர். துப்பாக்கியிலிருந்து தெறித்த கூட்டைத் தொப்பியில் ஏந்திப் பிடித்து, ஊதி, வெயிலில் திருப்பிப் பார்த்தான். "தோளைப் பாரு, கத்தி மாதிரி நிக்குது! அடுத்தது சுடு."

நாற்பதையும் சுட்டாள். நாற்பது தடவையும் அவன் தொப்பியோடு தாவினான். அட்டைப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அதைப் போய்ப் பார்த்தவள் ட்வைலாதான். துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கியைச் சரிசெய்த பிறகு சுட்ட முப்பது குண்டும் அவள் உள்ளங்கைக்குள் அடங்கின. கடைசிப் பத்து, மூன்று விரல் அகலத்துக்குள். அட்டையைக் கழற்றி மடித்துக் காரில் போட்டாள்.

"நல்லாச் சுடுது டெல்மர்."

"இது சும்மா கூட்டை ஊதறதுக்குத்தானே? இது கணக்குல வராது. நான் அடைச்சுத் தரேன் பாரு, அப்புறம் சொல்லு."

அதற்கப்புறம் இருபது நாள். மருந்து இரண்டு வகை, குண்டு மூன்று வகை. எது என்று முடிவு செய்யவே பன்னிரண்டு நாள் போயிற்று. ட்வைலா தினமும் மாலையில் கொட்டகை வாசலில் நின்று கேட்பாள். "ஆச்சா?" "ஆயிட்டிருக்கு." ஒரு நாள் உள்ளே அவன் நெம்புகோலைத் தொங்கி அழுத்துவதைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி முக்கற?"

"அச்சு கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் போட்டா சரியாயிடும்."

செப்டம்பர் பதினெட்டு, ஞாயிறு. மத்தியானம் நாற்பது தோட்டாவும் மஞ்சள் பெட்டியில் வரிசையாக நின்றன, நகைக்கடையில் வைத்ததுபோல. டெல்மர் ஒன்றை எடுத்துத் துப்பாக்கியில் போட்டு, அறையை மூடும் போல்ட்டைத் தள்ளினான். முக்கால்வாசி போய் நின்றது. அடுத்ததைப் போட்டான். அதுவும் அங்கேயே நின்றது. பத்தாவது தோட்டாவில் அவன் முகம் வெளுத்தது. நாற்பதாவதில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

நாற்பதையும் அடைப்பதற்கு முன் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கலாம். ட்வைலா அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போன் போட்டு பெர்னியை வீட்டில் பிடித்தார்கள். டெல்மர் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்ததால் அவளுக்கும் கேட்டது.

"அச்சு யாரோடதுயா?"

"பெட்டியில பெருக்கிய ராபர்ட்ஸ்னு போட்டிருக்கு."

"அது தெரியுது. யாரு பெருக்கினது?"

"யாரு பெருக்கினா என்ன?"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "யோவ் டெல்மர், அந்தக் காலத்துல ரெண்டு பேரு அதைப் பெருக்கியிருக்காங்க. ஒருத்தன் தோளைச் சரிவா விட்டான். இன்னொருத்தன் கிட்டத்தட்ட நிமிர்த்திட்டான். ரெண்டு பேரும் ஒரே பேரை வெச்சுத் தொலைச்சாங்க. நான் குடைஞ்சது நிமிர்ந்தது. உன் அச்சு சரிஞ்சது. நிமிர்ந்த தோளை நீ அமுக்கி அமுக்கிப் பிதுக்கியிருக்க."

"இப்ப என்ன பண்றது?"

"இதுல சுட்ட கூடு மூணை அச்சுக்காரனுக்கு அனுப்பு. அளவெடுத்துப் புது அச்சு செஞ்சு தருவான். ஆறு வாரம்."

சாண்ட் க்ரீக் பருவம் பத்து நாள். ட்வைலாவின் மாற்று ஆள் ஓடச் சம்மதித்தது செவ்வாயும் புதனும் மட்டும். பழைய துப்பாக்கியை பெர்னி ஜூலையிலேயே நெப்ராஸ்காக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டான்.

டெல்மர் ரிசீவரை வைத்தான். "ரூத்தான் வீட்டுக்காரரோட மேக்னம் துப்பாக்கியைக் கேக்கலாம்..."

"அது குதிரையையே தள்ளிடும்."

"மருந்தைக் குறைச்சு..."

"டெல்மர்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "உன்கிட்ட ஒரு முடிவைக் கேட்டேன். மூணு மாசம். வேகம் சொன்ன, வளைவு சொன்ன, ஏழு கட்டம் சொன்ன. என் சாப்பாட்டு மேஜையை எடுத்துக்கிட்ட. பதினெட்டு வருஷம் எழுதிப் போட்டு விழுந்த சீட்டு. நாளன்னைக்குக் காலையில நான் அங்க துடைப்பத்தோட போய் நிக்கணுமா?"

அவன் தோட்டாப் பெட்டியைத் தானே மூடித் தள்ளி வைத்தான். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அது நடந்ததில்லை.

அவள் வெளியே போய்க் காரிலிருந்து மடித்த அட்டையைக் கொண்டுவந்து அவன் முன் விரித்தாள்.

"என்ன இது?"

"நீ கூடு பொறுக்கினப்போ நான் சுட்டது."

டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். மூன்று விரலை வைத்து அளந்தான். மறுபடி அளந்தான். "இது... கடைத் தோட்டாவா?"

"நீ வாங்கினதுதான்."

"இருக்க முடியாது. இது ஊதறதுக்குச் சுட்டது."

"ஊதினது கூட்டைத்தானே? குண்டு போய் அட்டையில பட்டிருக்கே."

"ட்வைலா, புரிஞ்சுக்கோ. இந்த அறையில போட்டு அந்தத் தோட்டாவோட வேட்டைக்குப் போறது, கல்யாணத்துக்கு மாட்டுக் கொட்டகை பூட்ஸோட போற மாதிரி. வினாடிக்கு இருநூத்தி இருபது அடி கம்மி!"

"மான் கிட்ட நீ சொல்லாம இருந்தா அதுக்குத் தெரியாது."

திங்கட்கிழமை மத்தியானம், நூற்றுப் பன்னிரண்டு மைலையும் முடித்துவிட்டு இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். அலமாரியில் அந்த மூன்றாவது பெட்டி அப்படியே இருந்தது. விலைச்சீட்டில் எழுத்துகூட மங்கிப்போயிருந்தது. எந்தக் காலத்து விலையோ, கடைக்காரர் அதையே வாங்கிக்கொண்டார்.

"கடைசிப் பெட்டி. இதெல்லாம் இப்ப யாரு சுடறா?" என்றார்.

"நான்."

செவ்வாய் விடிகாலை சாண்ட் க்ரீக்கில் சேஜ் புதர் ஒவ்வொன்றும் மேற்கேயிருந்து அடித்த காற்றில் கிழக்கே சாய்ந்து நின்றது. சூரியன் கிளம்பி அரை மணி நேரத்தில், எதிர்ச் சரிவில் பன்னிரண்டு பெட்டைகளோடு ஒரு கிடா. கொம்பு காதைவிட இரண்டு மடங்கு உயரம். இப்படி ஒன்றை ட்வைலா தன் கடிதப் பாதையில் எங்கும் பார்த்ததில்லை.

டெல்மர் பைனாகுலரில் முகத்தைப் புதைத்திருந்தான். "நானூத்தி இருபது கஜம்" என்று முணுமுணுத்தான். "நம்ம தோட்டா மட்டும் இருந்திருந்தா..."

"இன்னொரு தடவை அதைச் சொன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன். குனி."

ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கித் தவழ்ந்தார்கள். வலது கையை ஊன்ற முடியாததால் ட்வைலா இடது முழங்கையில் தேய்ந்து தேய்ந்து போனாள். பின்னால் டெல்மர் சப்பாத்திக்கள்ளியின் மேல் முழங்காலைப் போட்டான். போட்டவன் கத்தக் கூடாது என்பதற்காகத் தொப்பியைக் கடித்தான். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஓடைக் கரையில் தலையை மெல்லத் தூக்கியபோது கூட்டம் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது. கிடா மட்டும் தலை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தது.

பெட்டைகள் இரண்டு அதற்கு முன்னால் நின்றன. அவள் காத்திருந்தாள். தோள் கடுத்தது. ஒரு பெட்டை நகர்ந்தது. இன்னொன்று நகரவில்லை. காற்று புதரைச் சாய்க்கும் அளவைப் பார்த்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடம் ஜன்னலுக்கு வெளியே கடிதத்தோடு கையை நீட்டியவளுக்கு அந்தக் காற்றின் பலம் புத்தகத்தைப் பார்க்காமலே தெரியும். இரண்டாவது பெட்டையும் நகர்ந்தது. கிடாவின் விலா முழுதாகத் தெரிந்தது. மேற்கே நாலு விரல் தள்ளிக் குறிவைத்து, மூச்சைப் பாதி விட்டு, அழுத்தினாள்.

கூட்டம் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பியது. பன்னிரண்டு. பதின்மூன்றாவது இருபது எட்டு ஓடி, முன்கால் மடங்கி, புதருக்குள் சாய்ந்தது.

பழக்கதோஷத்தில் அவள் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றியிருந்தாள். காலிக் கூடு தெறித்து எங்கோ போயிற்று. எழுந்து ஓட ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"அசையாதே!" என்று அலறினான் டெல்மர். "ட்வைலா! அப்படியே நில்லு! காலைக் கீழ வைக்காதே!"

அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. கிலுகிலுப்பைப் பாம்பு. ஒற்றைக் காலில் நின்றாள். மூச்சு விடவில்லை. டெல்மர் நாலு காலில் ஊர்ந்து வந்து, அவள் தூக்கிய பூட்ஸுக்கு நேர் கீழே கையை மெதுவாக விட்டு, எதையோ எடுத்தான். பித்தளை வெயிலில் மின்னியது.

"மிதிச்சே இருப்ப" என்றான். ஊதினான், திருப்பிப் பார்த்தான். "நாப்பதையும் நான்தான் கெடுத்துட்டேன். இது ஒண்ணுதான் நல்ல கூடு. பாரேன், என்ன அழகா நிமிர்ந்திருக்கு!"

ட்வைலாவுக்கு எதைக் கொண்டு அவனை அடிப்பதென்று தெரியவில்லை. கையில் இருந்தது துப்பாக்கி. அது இன்று நன்றாக நடந்துகொண்டிருந்தது. "டெல்மர் ஸ்ட்ரோ," என்றாள், "அங்க மான் கிடக்கு."

"ஆமாமா. நல்லாச் சுட்ட." கூட்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். "இன்னும் மீதி பத்தொம்பது இருக்குல்ல? அதையும் சுட்டுட்டா, மூணு கூடு அச்சுக்காரனுக்கு, பாக்கி..."

அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கிடா சேஜ் வாசத்துக்கு நடுவே கிடந்தது. குண்டு விலாவில், அவள் நினைத்த இடத்துக்கு ஒரு விரல் பின்னால். கொம்பைத் தொட்டாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அழுதுவிடுவோமோ என்று அவளுக்கே பயம் வந்தது. அதற்குள் பின்னால் எண்ணும் சத்தம் கேட்டது.

"நூத்தி எழுபத்தொண்ணு, நூத்தி எழுபத்திரண்டு..." டெல்மர் ஒரே அளவாகக் காலை எட்டி வைத்து, முழங்காலில் கள்ளிமுள் குத்தக் குத்த, நேர்க்கோட்டில் வந்துகொண்டிருந்தான். வந்து நின்றான். "நூத்தி எழுபத்தஞ்சு. அந்த வேகத்துக்கு இந்தத் தூரத்துல குண்டு எவ்வளவு இறங்கியிருக்கும்னா..."

ட்வைலா சீட்டை எடுத்து மாதத்தையும் தேதியையும் கத்தி முனையால் வெட்டி நீக்கினாள், கையெழுத்துப் போட்டாள், கொம்பில் கட்டினாள். காற்று அதைப் படபடவென்று அடித்தது.

"பின்னங்காலைப் பிடி" என்றாள்.

பிடித்தான். பிடித்துக்கொண்டே, "நாலு அங்குலம்" என்றான்.

"அகட்டிப் பிடி" என்று சொல்லி அவள் கத்தியை இறக்கினாள்.